பழைய கெர்னலில் புதிய லைப்ரரி ஓடுவது எப்படி?

புதிதாகத் தொகுத்த ஒரு புரோகிராமை, பல வருடமாக யாரும் கை வைக்காத ஒரு லினக்ஸ் இயந்திரத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தால் சில நேரம் ஒரே ஒரு வரி வந்து நிற்கும்: "ஃபேட்டல்: கெர்னல் டூ ஓல்ட்". கெர்னல், அதாவது வன்பொருளை நேராகக் கையாளும் இயங்குதளத்தின் மையப் பகுதி, ரொம்பப் பழசு, ஓட்ட முடியாது என்று பொருள். நீங்கள் எழுதிய புரோகிராமின் முதல் வரிகூட அதற்குள் ஓடியிருக்காது. அப்படியானால் அதைச் சொன்னது யார்? புரோகிராமுக்கும் கெர்னலுக்கும் நடுவே இருக்கும் சி லைப்ரரி, அதாவது புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்தக் குறிமுறைத் தொகுப்பு. அந்த லைப்ரரிக்கு ஏன் கெர்னலின் வயதைப் பற்றிக் கவலை, பெரும்பாலான நேரம் அந்தக் கவலையை நம் கண்ணில் படாமல் அது எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படை. ஒரு புரோகிராமால் கோப்பைத் திறக்கவோ, திரையில் எழுதவோ, இன்னொரு புரோகிராமைக் கிளப்பவோ தானாக முடியாது. எல்லாவற்றுக்கும் கெர்னலைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். நாம் ரீட், ரைட் என்று பெயர் சொல்லிப் பேசினாலும் கெர்னலுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது, எண்தான் தெரியும். 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் ரீட் என்பது 0, ரைட் என்பது 1, ஓப்பன் என்பது 2. அதே ரைட், 64 பிட் ஆர்ம் செயலியில் 64. இந்த எண்களையும், எந்த ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) எதை வைத்துக் கேட்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருப்பது சி லைப்ரரியின் வேலை. உபுண்டு, ஃபெடோரா போன்ற பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் அது ஜிலிப்சி. ஆல்பைன் போன்ற சிலவற்றில் மஸல் என்கிற சின்ன லைப்ரரி.

கெர்னல் வளர வளரப் புது சிஸ்டம் கால்கள் சேர்ந்துகொண்டே போகும். லைப்ரரியும் தன் பங்குக்கு வளரும். இரண்டும் ஒரே வேகத்தில் வளர்ந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் இரண்டையும் உருவாக்குவது வேறு வேறு குழுக்கள், வெளியிடுவது வேறு வேறு தேதிகளில், ஒரு இயந்திரத்தில் போய்ச் சேருவதும் வேறு வேறு காலத்தில்.

இங்கே இரண்டு திசைகள் இருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழைய லைப்ரரி, புதிய கெர்னல் என்பது ஒன்று. இதற்குக் கெர்னல் தரப்பிலிருந்தே உறுதி இருக்கிறது. கெர்னலைப் புதுப்பித்ததால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் உடையக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதமாகக் காத்துவரும் விதி. 1 என்ற எண்ணுக்கு இன்று ரைட் என்றால் நாளைக்கும் ரைட்தான்.

புதிய லைப்ரரி, பழைய கெர்னல் என்பது இன்னொன்று. இதற்குக் கெர்னலால் எந்த உறுதியும் தர முடியாது. 2012 ஜனவரியில் வெளிவந்த 3.2 கெர்னலுக்கு 2019இல் சேர்க்கப்போகும் சிஸ்டம் காலைப் பற்றி எப்படித் தெரியும்? ஆகவே இந்தத் திசையின் பாரம் முழுக்க லைப்ரரியின் தலையில் விழுகிறது.

"யார் அப்படி ஓட்டப் போகிறார்கள், கெர்னலையும் சேர்த்துப் புதுப்பித்தால் ஆயிற்று" என்று தோன்றலாம். கன்டெய்னரை நினைத்துப் பாருங்கள்: ஒரு புரோகிராமை அதற்கு வேண்டிய கோப்புகளோடு சேர்த்து அடைத்து, தனியாக ஓட்டும் ஏற்பாடு. டாக்கர் அதற்கான கருவி. டாக்கர் கன்டெய்னருக்குள் புத்தம் புது விநியோகம் இருக்கும், அதன் சி லைப்ரரியும் புதிதாக இருக்கும். கெர்னல் மட்டும் உள்ளே கிடையாது. அது அடியில் இருக்கும் இயந்திரத்துடையது, அதற்கு ஏழெட்டு வயது ஆகியிருக்கலாம். அப்புறம், தயாரிப்பாளர் கொடுத்த டிரைவர்கள் ஒரே ஒரு கெர்னல் பதிப்போடு மட்டும் ஒத்துப்போகும் ரவுட்டர்கள், சேமிப்புப் பெட்டிகள், சின்னச் சின்ன பலகைகள். அவற்றில் கெர்னலை மாற்றுவது ஆகிற காரியமில்லை.

சரி, லைப்ரரி என்ன செய்கிறது? தெரியாத எண் வந்தால் லினக்ஸ் கெர்னல் தடுமாறி விழாது. ஈநோசிஸ் என்கிற பிழையைத் திருப்பித் தரும். லினக்ஸில் பெரும்பாலான செயலிகளில் அதன் எண் 38. "அப்படி ஒரு சிஸ்டம் காலே என்னிடம் இல்லை" என்பது மட்டுமே இதன் பொருள். அனுமதி இல்லை என்பதோ, கோப்பு இல்லை என்பதோ அல்ல. இந்தப் பிழை இவ்வளவு துல்லியமாக இருப்பதால்தான் மொத்த ஏற்பாடும் நடக்கிறது. லைப்ரரி முதலில் புதிய சிஸ்டம் காலை முயலும். 38 வந்தால் பழைய வழிக்குப் போகும். வேறு பிழை வந்தால் அது உண்மையான பிழை, அப்படியே புரோகிராமிடம் கொடுத்துவிடும்.

ஓர் உதாரணம். ஒரு கோப்பின் அளவு, உரிமையாளர், மாற்றிய நேரம் போன்ற விவரங்களைக் கேட்க ஸ்டாட் என்ற பழைய சிஸ்டம் கால் உண்டு. 2017இல் 4.11 கெர்னலில் ஸ்டாட்எக்ஸ் வந்தது. கோப்பு உருவான நேரத்தையும் அது சொல்லும். ஜிலிப்சி 2.28இல் ஸ்டாட்எக்ஸ் சேர்ந்தபோது, பழைய கெர்னல்களுக்காக ஒரு மாற்று வழியையும் உள்ளே வைத்தார்கள்: 38 வந்தால் பழைய ஸ்டாட் வகை அழைப்பைச் செய்து, கிடைத்த விவரங்களைப் புதிய வடிவத்தில் நிரப்பிக் கொடுப்பது. கோப்பு உருவான நேரம் பழைய வழியில் கிடைக்காதே? அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். எந்தெந்தக் கட்டங்கள் உண்மையில் நிரப்பப்பட்டவை என்று சொல்லும் ஒரு முகமூடி எண் விடையோடு சேர்ந்தே வரும். உருவான நேரத்துக்கான பிட் அதில் அணைந்திருக்கும். "மற்றதெல்லாம் இருக்கிறது, இது மட்டும் இல்லை" என்று நேர்மையாகச் சொல்ல முடிகிற வடிவமைப்பு. எனக்கு இதன்மீது கொஞ்சம் மரியாதை உண்டு.

எல்லாவற்றிலும் இப்படி அமைவதில்லை. பைப் என்பது இரண்டு முனைகள் கொண்ட குழாய் போன்றது. ஒரு முனையில் எழுதினால் மறு முனையில் படிக்கலாம். அந்த முனைகள், இந்தப் புரோகிராம் கிளப்பும் வேறு புரோகிராம்களின் கைக்குப் போகக் கூடாது என்றால் அவற்றின்மேல் ஒரு கொடி, அதாவது ஆம்/இல்லை என்று சொல்லும் அடையாளம், வைக்க வேண்டும். பழைய முறையில் இது இரண்டு படி: குழாயை உருவாக்கு, பிறகு கொடியை வை. 2008இல் 2.6.27 கெர்னலில் வந்த பைப்2 இரண்டையும் ஒரே அழைப்பில் செய்தது. பைப்2 இல்லாத கெர்னலில் பழைய இரண்டு படியையே செய்து சமாளிக்கலாமே என்றால், செய்யலாம்தான். ஆனால் முதல் படிக்கும் இரண்டாவது படிக்கும் நடுவில் அதே புரோகிராமின் இன்னொரு த்ரெட் (அதற்குள்ளேயே கூடவே ஓடும் இன்னொரு கிளை) ஒரு புது புரோகிராமைக் கிளப்பிவிட்டால்? குழாய் முனை அதன் கையிலும் போய்விடும். பைப்2 வந்ததே இந்த ஓட்டையை அடைக்கத்தான். மாற்று வழி அதே ஓட்டையை மறுபடி திறந்துவைக்கிறது. சோதனையில் பெரும்பாலும் சிக்காது, என்றோ ஒருநாள் சிக்கும்.

இதைவிட மோசமானது, பாசாங்கு. 4.5 கெர்னலில் காப்பி ஃபைல் ரேஞ்ச் என்ற சிஸ்டம் கால் வந்தது: ஒரு கோப்பின் ஒரு பகுதியை, புரோகிராமின் நினைவகத்துக்குக் கொண்டுவராமல் கெர்னலே இன்னொரு கோப்புக்கு நகலெடுக்கும். ஜிலிப்சி 2.27இல் இதைச் சேர்த்தபோது, பழைய கெர்னல்களுக்காக ரீடும் ரைட்டும் வைத்து அதையே நடித்துக் காட்டினார்கள். ஆனால் கெர்னல் நடந்துகொள்ளும் விதமும் இந்த நடிப்பும் முழுதாகப் பொருந்தவில்லை. குழப்பம்தான் மிஞ்சுகிறது என்று 2.30இல் அந்த மாற்று வழியையே எடுத்துவிட்டார்கள். இப்போது பழைய கெர்னலில் கேட்டால் நேராக ஈநோசிஸ் வரும். நகலெடுக்க வேறு என்ன வழி என்று புரோகிராம் எழுதியவர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. பாதி உண்மையான "ஆமாம்"-ஐ நம்பி மேலே கட்டியவர், அது உடையும்போது எங்கே தேடுவது என்று தெரியாமல் நிற்பார். தெளிவான "இல்லை" கிடைத்தவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

ஆனால் அந்த "இல்லை"யே தவறான வார்த்தையில் வந்தால் என்ன ஆகும்? 2021இல் அது நடந்தது.

புதிய த்ரெட் உருவாக்க லினக்ஸில் குளோன் என்ற பழைய சிஸ்டம் கால் உண்டு. 2019இல் 5.3 கெர்னலில் குளோன்3 வந்தது, எண் 435. 2021 ஆகஸ்டில் வெளியான ஜிலிப்சி 2.34, த்ரெட் உருவாக்கும்போது முதலில் குளோன்3ஐ முயலத் தொடங்கியது. 38 வந்தால் பழைய குளோன். மேலே பார்த்த அதே முறைதான், புதிதாக ஒன்றுமில்லை.

கன்டெய்னர்களில் செக்காம்ப் என்றொரு வடிகட்டி உண்டு. எந்த சிஸ்டம் கால்களை அனுமதிக்கலாம் என்ற பட்டியல் அதில் இருக்கும். பட்டியலில் இல்லாதது வந்தால் டாக்கரின் இயல்புநிலை வடிகட்டி தந்த பதில் ஈநோசிஸ் அல்ல, ஈபெர்ம்: எண் 1, "அனுமதி இல்லை". பழைய டாக்கரின் பட்டியலில் குளோன்3 இல்லை. ஆக, ஃபெடோரா 35, உபுண்டு 21.10 போன்ற ஜிலிப்சி 2.34 கொண்ட கன்டெய்னர்களைப் பழைய டாக்கரில் ஓட்டியபோது, லைப்ரரி குளோன்3ஐக் கேட்டது, "அனுமதி இல்லை" என்று பதில் வந்தது. லைப்ரரி அதை உண்மையான மறுப்பாகவே எடுத்துக்கொண்டது. பழைய குளோனை முயலவே இல்லை. த்ரெட் உருவாக்க முடியாமல் புரோகிராம்கள் விழுந்தன. கெர்னலில் ஒரு குறையும் இல்லை, லைப்ரரியிலும் இல்லை. நடுவில் இருந்தவர் வேறு வார்த்தையில் "இல்லை" சொன்னார், அவ்வளவுதான்.

குளோன்3ஐ அப்படியே பட்டியலில் சேர்த்துவிடலாமே? முடியாததற்கு நல்ல காரணம் இருந்தது. பழைய குளோனில் கொடிகள் நேராக ரெஜிஸ்டரில் வரும். செக்காம்ப் அவற்றைப் பார்த்து, ஆபத்தானவற்றைத் தடுக்கலாம். குளோன்3இல் கொடிகள் நினைவகத்தில் ஒரு கட்டமைப்புக்குள் இருக்கின்றன, சிஸ்டம் காலோடு வருவது அதன் முகவரி மட்டுமே. செக்காம்பால் அந்த முகவரியைப் பின்தொடர்ந்து உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. பார்க்க முடியாததை எப்படி அனுமதிப்பது? கடைசியில், டாக்கர் 20.10.10இல் குளோன்3க்கு ஈநோசிஸ் திருப்பித் தரும்படி மாற்றினார்கள். லைப்ரரி உடனே பழைய குளோனுக்குப் போனது, அது வடிகட்டியில் முறையாகச் சோதிக்கப்பட்டது. ஈபெர்ம் வந்தாலும் மாற்று வழிக்குப் போகும்படி ஜிலிப்சியை மாற்றச் சொல்லிக் கோரிக்கைகள் வந்தன; பராமரிப்பாளர்கள் ஏற்கவில்லை. உண்மையிலேயே அனுமதி மறுக்கப்பட்ட இடத்தில், இன்னொரு கதவைத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை ஒரு சி லைப்ரரிக்குக் கொடுப்பது நல்லதல்ல.

இன்னொரு சூழ்நிலை இதற்கு நேர் எதிர்: "இல்லை" என்ற பதிலே வராமல் போவது. புதிய வசதி எப்போதும் புதிய எண்ணாக வருவதில்லை. பழைய சிஸ்டம் காலுக்குப் புதிய கொடியாகவும் வரும். ஓப்பன் என்ற சிஸ்டம் கால், தனக்குத் தெரியாத கொடிகளைக் கண்டால் பிழை தராது. சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டுக் கோப்பைத் திறந்து கொடுத்துவிடும். நீங்கள் கேட்டது ஒன்று, நடந்தது வேறு, பதிலோ "வெற்றி". 38 வராததால் லைப்ரரியால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

3.11 கெர்னலில் பெயரில்லாத தற்காலிகக் கோப்பை உருவாக்கும் வசதியை ஓப்பனில் சேர்த்தபோது இதற்கொரு சாமர்த்தியம் செய்தார்கள். ஓ டெம்ப்ஃபைல் என்ற அந்தக் கொடியின் மதிப்புக்குள்ளேயே, "இது கோப்புறையாக இருக்க வேண்டும்" என்ற பழைய கொடியையும் கலந்துவிட்டார்கள். எழுதும் அனுமதியும் கேட்டே ஆக வேண்டும் என்றார்கள். பழைய கெர்னல் புதிய பிட்டை ஒதுக்கிவிடும். மிச்சமிருப்பது, ஒரு கோப்புறையை எழுதுவதற்காகத் திற என்ற கோரிக்கை. கோப்புறையை அப்படித் திறக்க எந்தக் காலத்திலும் அனுமதி கிடையாது, ஆகவே பிழை வரும். புதிய கொடியைப் பற்றி ஒன்றுமே தெரியாத கெர்னலைக்கூட "முடியாது" என்று சொல்ல வைத்துவிட்டார்கள்! பின்னால் 5.6இல் வந்த ஓப்பன்அட்2, தெரியாத கொடியைக் கண்டால் தானே பிழை தரும். அதனால் இந்தக் குறுக்கு வழி அதற்குத் தேவையில்லை.

இவ்வளவு எதற்கு, கெர்னலின் பதிப்பு எண்ணைக் கேட்டுவிட்டு, அதை வைத்து முடிவு செய்யலாமே என்ற கேள்வி இந்நேரம் வந்திருக்கும். யூநேம் என்று கேட்டால் கெர்னல் எண்ணைச் சொல்லும்தான். ஆனால் அந்த எண்ணை அவ்வளவு நம்ப முடியாது. நிறுவனங்களுக்கான விநியோகங்கள் பல வருடம் ஒரே பதிப்பு எண்ணை வைத்துக்கொண்டு, புதிய கெர்னல்களின் வசதிகளை அதற்குள் பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்ப்பது வழக்கம். வெளியே 3.10 என்று எழுதியிருக்கும், உள்ளே அதற்குப் பின் வந்தவையும் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்தால், இருப்பதையும் இல்லை என்று முடிவு செய்துவிடுவோம்.

2011இல் லினக்ஸ் 2.6.39க்கு அடுத்து 3.0 என்று எண்ணை மாற்றியபோது நடந்தது இன்னும் வேடிக்கை. உள்ளே பெரிய புரட்சி எதுவும் இல்லை, எண்ணைச் சுருக்கினார்கள், அவ்வளவே. ஆனால் பதிப்பு எப்போதும் "2.6" என்றுதான் தொடங்கும் என்று நம்பி எழுதிய புரோகிராம்கள் உடைந்தன. அவற்றுக்காகவே கெர்னலில் ஒரு அமைப்பைச் சேர்த்தார்கள். அதைப் போட்டால் 3.0 கெர்னல் தன்னை 2.6.40 என்று சொல்லிக்கொள்ளும், 3.1 என்றால் 2.6.41. வயதைக் கேட்காமல், "இதைச் செய்ய முடியுமா" என்று செய்யச் சொல்லியே பார்ப்பதுதான் நம்பகமான வழி.

இப்போது முதலில் பார்த்த பிழைக்கு வருவோம். ஒவ்வொரு புதிய சிஸ்டம் காலுக்கும் ஒரு மாற்று வழியை என்றென்றும் வைத்துக்கொண்டே போனால் லைப்ரரிக்குள் யாரும் ஓட்டிப் பார்க்காத குறிமுறை குவியும். மாற்று வழி பழைய கெர்னலில் மட்டுமே உயிர்பெறும். எழுதுபவர்களிடம் இருப்பதோ புதிய கெர்னல். ஓடாத குறிமுறையில் பிழை இருந்தால் யாருக்குத் தெரியும்? அதனால் ஒவ்வொரு லைப்ரரியும் எங்கோ ஒரு கோடு போட வேண்டும்: இதற்குக் கீழே ஆதரவு இல்லை.

ஜிலிப்சி அந்தக் கோட்டைப் படிப்படியாக உயர்த்தியது. 2014இல் வந்த 2.20க்குக் குறைந்தபட்சம் 2.6.32 கெர்னல் வேண்டும் என்றானது. 2016இல் 2.24 அதை 3.2 ஆக்கியது. ஆனால் இன்டெல் வகைச் செயலிகளுக்கு மட்டும் 2.6.32 போதும் என்று விட்டுவைத்தது. ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் 6 சர்வர்கள் ஓடியது அந்தக் கெர்னலில்தான் என்பதை நினைத்தால் அந்தச் சலுகை புரியும். 2017இல் 2.26 அந்தச் சலுகையையும் எடுத்து, எல்லாச் செயலிகளுக்கும் 3.2 என்றது. கோடு ஒருமுறை ஏறினால், அதற்குக் கீழுள்ள கெர்னல்களுக்காக எழுதிய மாற்று வழிகளை லைப்ரரியிலிருந்து நீக்கலாம். 2.6.27இல் வந்த பைப்2 எப்படியும் இருக்கும் என்று துணிந்து நம்பலாம், பழைய இரண்டு படியும் அதன் ஓட்டையும் ஒழிந்தன.

லைப்ரரியைத் தொகுக்கும்போது இந்தக் கோட்டை இன்னும் உயர்த்திக்கொள்ளவும் ஒரு விருப்பத் தேர்வு உண்டு. தொகுத்த கோப்பிலேயே அந்த எண் ஒரு குறிப்பாகப் பதியும். லினக்ஸில் ஃபைல் என்ற கட்டளையை ஒரு புரோகிராமின்மேல் ஓட்டினால், விடையில் "ஃபார் குனு லினக்ஸ் 3.2.0" போன்ற ஒரு துண்டு வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது இந்தக் கோடுதான்.

மற்ற இயங்குதளங்கள் வேறு மாதிரி யோசித்தன. விண்டோஸில் சிஸ்டம் கால் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும்; புரோகிராம்கள் அவற்றை நேராகத் தொடாமல், விண்டோஸோடு வரும் லைப்ரரிகள் வழியாகவே போக வேண்டும். மேக்ஓஎஸ்ஸிலும் நிலையான எல்லை கெர்னல் அல்ல, அதனோடு வரும் சிஸ்டம் லைப்ரரிதான். கோ மொழி முதலில் அங்கேயும் கெர்னலை நேராக அழைத்தது. 2016இல் மேக்ஓஎஸ் சியரா வந்து உள்விவரம் மாறியபோது பழைய கோ புரோகிராம்கள் விழுந்தன. பிற்பாடு கோ 1.12 சிஸ்டம் லைப்ரரி வழியாகப் போகத் தொடங்கியது. கெர்னலும் லைப்ரரியும் ஒன்றாகவே வெளியானால் இந்தக் கட்டுரையின் பிரச்சினை பெரும்பாலும் எழாது. லினக்ஸில் அவை தனித்தனி என்பதால்தான் இவ்வளவு பேச்சு.

இந்த வேலை முடிந்துபோன பழங்கதையும் இல்லை. 32 பிட் இயந்திரங்களில் நேரத்தை 32 பிட் எண்ணில் வைத்திருப்பதால் 2038 ஜனவரி 19 அன்று அது நிரம்பி வழியும். இதற்காக 2019இல் 5.1 கெர்னலில் 64 பிட் நேரத்துக்கான புதிய சிஸ்டம் கால்கள் 403ஆம் எண்ணிலிருந்து வந்தன. மஸல் 1.2.0 முழுதாக 64 பிட் நேரத்துக்கு மாறியது, ஜிலிப்சி 2.34 அதை விருப்பத் தேர்வாகத் தந்தது. 5.1க்கு முந்தைய கெர்னலில் இவை ஓடினால்? அதே பழைய கதைதான்: 64 பிட் அழைப்பை முயல், 38 வந்தால் 32 பிட் அழைப்பு. புரோகிராம் 2038க்கு அப்பால் ஒரு தேதியைக் கொடுத்து, கீழே 32 பிட் வழி மட்டுமே இருந்தால், எண்ணை நறுக்கித் தவறான தேதியாக அனுப்பக் கூடாது. பிழை தர வேண்டும்.

உங்களுக்கு இப்படி ஏதாவது பிழை வந்தால், எந்தத் திசை என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்ற மாதிரி வந்தால் அதற்கும் கெர்னலுக்கும் சம்பந்தமில்லை; புரோகிராம் புதிது, இயந்திரத்தில் இருக்கும் லைப்ரரி பழையது. பழைய லைப்ரரி உள்ள சூழலில் தொகுத்தால் தீரும். "கெர்னல் டூ ஓல்ட்" என்றால் லைப்ரரியின் கோடு கெர்னலைத் தாண்டிவிட்டது. கோடு கீழே இருக்கும் லைப்ரரியைத் தேட வேண்டும், இல்லையேல் கெர்னலை மாற்ற வேண்டும். இரண்டும் இல்லாமல், கன்டெய்னருக்குள் மட்டும் "அனுமதி இல்லை" என்று விசித்திரமாக விழுந்தால், புரோகிராம் கேட்கும் சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் ஸ்ட்ரேஸ் என்ற கருவியைப் போட்டு ஓட்டி, விழுவதற்கு முந்தைய சில வரிகளைப் பாருங்கள். அங்கே ஈநோசிஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஈபெர்ம் இருந்தால், தேட வேண்டியது கெர்னலையும் அல்ல லைப்ரரியையும் அல்ல, நடுவில் இருக்கும் வடிகட்டியை.